குங்குமத்தின் சிவப்பு எங்கிருந்து வருகிறது?

ஆடி வெள்ளிக்கிழமைகளில் அம்பாள் சந்நிதிக்கு எதிரே உள்ள மண்டபத்தில் சுமங்கலிகள் வரிசையாக அமர்ந்து குங்கும அர்ச்சனை செய்வர். லலிதா சகஸ்ரநாமத்தின் ஒவ்வொரு நாமத்திற்கும் ஒரு சிட்டிகை. ஆயிரம் நாமங்களும் நிறைவுறும்போது தட்டில் குவிந்திருக்கும் குங்குமம் அன்னையின் பிரசாதமாகிவிடுகிறது. அதை மடித்து எடுத்துச் சென்று நாள்தோறும் நெற்றியிலும் வகிட்டிலும் திருமாங்கல்யத்திலும் இட்டுக்கொள்கின்றனர். இடுப்பில் இருக்கும் குழந்தையின் நெற்றிக்கும் ஒரு கீற்று உண்டு.

அந்தக் குங்குமம் பெரும்பாலும் வாசற்கடையில் தேங்காய், பழத்தோடு சேர்த்து வாங்கப்பட்டதாகவே இருக்கும். யார் தயாரித்தது, எதனால் ஆனது என்பதைப் பற்றிப் பொட்டலத்தில் ஒரு சொல்லும் இராது. அன்னையிடமிருந்து பிரசாதமாகத் திரும்பி வருவது, பக்தை கொண்டுபோய்க் கொடுத்த அதே பொடிதான்.

குங்குமத்திற்குத் தாய்ப்பொருள் மஞ்சள். மஞ்சள் எவ்வாறு சிவக்கும் என்பதை ஆரத்தி எடுத்த ஒவ்வொருவரும் கண்டிருக்கின்றனர். மஞ்சள் நீரில் சிறிது சுண்ணாம்பு சேர்த்த மாத்திரத்தில் நீர் செந்நிறமாகிறது. மஞ்சளிலுள்ள குர்குமின் என்னும் நிறப்பொருள் காரத்தோடு சேர்வதால் நிகழும் மாற்றம் இது. ஆனால் ஆரத்தியின் சிவப்பு நிலைப்பதில்லை. எலுமிச்சைச் சாற்றைப் பிழிந்தால் மீண்டும் மஞ்சளாகிவிடும். ஆகவே குங்குமம் செய்வோர் வேறொரு வழியைக் கையாண்டனர். குண்டு மஞ்சளைச் சிறு துண்டுகளாக்கி, எலுமிச்சைச் சாற்றில் வெண்காரத்தையும் படிகாரத்தையும் கரைத்து அதில் ஊறவைப்பர். நாள்தோறும் கிளறிவிட்டு நிழலில் உலர்த்துவர். உலர உலரச் சிவப்பு ஏறும். இந்தச் சிவப்பு புளிப்புக்கு அஞ்சாது. பிறகு இடித்து, மெல்லிய துணியில் சலித்து, சிறிது நெய்யோ நல்லெண்ணெயோ சேர்த்துப் பிசறி எடுத்தால் குங்குமம் ஆயிற்று.

மஞ்சளும் எலுமிச்சையும் நெய்யும் மனித உழைப்பும் சேர்ந்த ஒரு பொருள் மிக மலிவாகக் கிடைக்க இயலாது. மலிவாகக் கிடைப்பவற்றில் பல, வெள்ளை மாவுப்பொருளில் செயற்கைச் சாயம் ஏற்றியவை. துணிக்குப் போடும் ரோடமின் போன்ற சாயங்கள் இதற்குப் பயன்படுத்தப்படுகின்றன. நெற்றியில் அரிப்பு, கருமை, கொப்புளம் ஆகியவை தோன்றுவது இவற்றால்தான். இது கண்ணுக்குத் தெரியும் கேடு. கண்ணுக்குத் தெரியாத கேடு ஈயம்.

ஈயச் செந்தூரம் என்பது ஈயத்தின் ஆக்சைடு. பளிச்சென்ற செம்மஞ்சள் நிறமுடையது. இரும்புக்குத் துருப்பிடிக்காமல் பூசும் வண்ணத்தில் சேர்ப்பது. வகிட்டில் இடும் செந்தூரத்திலும் இது கலக்கப்படுவதுண்டு. அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நியூஜெர்சியின் இந்தியக் கடைகளிலும் இந்தியாவிலுமாக வாங்கிய 118 செந்தூர மாதிரிகளைப் பரிசோதித்து, 2017-ஆம் ஆண்டு முடிவை வெளியிட்டனர். ஏறத்தாழ 80 விழுக்காடு மாதிரிகளில் கிராமுக்கு ஒரு மைக்ரோகிராமோ அதற்கு மேலோ ஈயம் இருந்தது. சில மாதிரிகள், அந்நாட்டு அரசு வகுத்த வரம்பையே மீறியிருந்தன.

நெற்றித் தோல் வழியாக உடலுக்குள் செல்லும் ஈயம் குறைவே. அதன் பாதை வேறு. குங்குமம் தொட்ட விரல் மாவு பிசைகிறது, சோறு ஊட்டுகிறது. குழந்தை தாயின் நெற்றியைத் தடவிய கையை வாயில் வைத்துக்கொள்கிறது. வளரும் மூளையை ஈயம் பாதிக்கிறது. கற்கும் திறனையும் கவனத்தையும் குறைக்கிறது. இதற்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. கருவுற்ற பெண்ணின் இரத்தத்திலுள்ள ஈயம் நஞ்சுக்கொடி வழியாகச் சிசுவையும் அடையும். வளைகாப்பு அன்று வந்தவர் அனைவரும் அப்பெண்ணின் நெற்றியில் குங்குமம் இட்டு வாழ்த்துகின்றனரே, அந்தக் கிண்ணத்தில் இருப்பது என்ன என்று கேட்க வேண்டாமா?

நீரில் ஒரு சிட்டிகை போட்டுப் பார்க்கும் வழக்கம் உண்டு. நீர் உடனே இளஞ்சிவப்பாக மாறினால் சாயம் கலந்திருக்கிறது என்று ஐயுறலாம். குர்குமின் நீரில் எளிதில் கரைவதில்லை. ஆனால் ஈயம் இருக்கிறதா என்பதை எந்த வீட்டுச் சோதனையும் காட்டாது. ஆய்வுக்கூடம்தான் சொல்ல வேண்டும்.

மஞ்சளே தூயதாக இல்லாவிட்டால் வீட்டில் செய்த குங்குமமும் பயன் தராது. வங்கதேசத்தில் 1980-களில் வெள்ளத்தால் நிறம் மங்கிய மஞ்சளைப் பளபளப்பாக்க ஈய குரோமேட் என்னும் மஞ்சள் வண்ணப்பொருளைப் பூசத் தொடங்கினர். பின்னர் அது வழக்கமாகவே ஆகிவிட்டது. ஆய்வாளர்கள் அதைக் கண்டறிந்து வெளிப்படுத்தியதும் 2019-இல் அந்நாட்டு அரசு விழித்துக்கொண்டது. மொத்தச் சந்தையில் சோதனை நடத்தி, சரக்கைப் பறிமுதல் செய்து, அபராதமும் விதித்தது. 2019-இல் சந்தை மஞ்சள் மாதிரிகளில் 47 விழுக்காட்டில் காணப்பட்ட ஈயம், 2021-இல் ஒன்றில்கூட இல்லை. இரண்டே ஆண்டுகளில் இது நடந்தது!

நம் நாட்டில் சட்டம் இல்லாமல் இல்லை. அழகுசாதனப் பொருள்களுக்கு நிறமூட்ட ஈயச் சேர்மங்களையும் ஆர்சனிக் சேர்மங்களையும் பயன்படுத்துவதற்குத் தடை உண்டு. நிறமிகளில் தவிர்க்க இயலாமல் தங்கும் ஈயமும் பத்து இலட்சத்தில் 20 பங்கைத் தாண்டலாகாது. எனினும் படியில் அளந்து விற்கும் பொடியை யார் அளவிடுவது?

சபரிமலை விஷயத்தில் ஒரு திருப்பம் நிகழ்ந்திருக்கிறது. எருமேலியில் பேட்டை துள்ளும் ஐயப்ப பக்தர்கள் உடலெங்கும் வண்ணப்பொடி பூசி ஆடி, பின்னர் நீராடுவர்; பூசியதெல்லாம் நீரில் கலக்கும். 2025-இல் கேரள உயர் நீதிமன்றம் சபரிமலை, பம்பை, எருமேலி ஆகிய இடங்களில் இரசாயனக் குங்குமத்தின் விற்பனையைத் தடை செய்தது. தமிழகத்திலும் சில திருக்கோயில்களில் நிர்வாகமே குங்குமமும் விபூதியும் தயாரித்து வழங்கும் ஏற்பாடு தொடங்கியிருக்கிறது. அர்ச்சனைக்கும் அதுவே பயன்படுமானால் பெரும் கவலை நீங்கும்.

குங்குமத்திற்கு மாற்றாக வந்த ஒட்டுப்பொட்டும் குற்றமற்றதன்று. சில பொட்டுகளின் பசையில் உள்ள பியூட்டைல் பீனால் என்னும் பொருள் தோலின் நிறமியை அழித்து, பொட்டு வைத்த இடத்திலேயே வெண்புள்ளியை உண்டாக்கும். புள்ளியை மறைக்க மேலும் பெரிய பொட்டு வைப்பவர் உண்டு; அது தீயில் நெய் வார்ப்பதாகும்.

பொட்டலத்தில் தயாரிப்பாளரின் பெயர், முகவரி, உரிம எண், தயாரித்த நாள், சேர்மானப் பட்டியல் ஆகியவை உள்ள குங்குமத்தையே வாங்குவது முதற்படி. வீட்டிலேயே செய்ய விழைவோர் மஞ்சள் தூளைத் தவிர்த்து முழுக் கிழங்காக, தெரிந்த விவசாயியிடமிருந்து வாங்குவது நலம். 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற ஈரோட்டு மஞ்சள் இருக்கவே இருக்கிறது. ஆனால் ஒன்று: மஞ்சளில் பிறந்த குங்குமம் கண்ணைப் பறிக்காது. செங்கல்லின் சாயல் கலந்த ஆழ்ந்த சிவப்பு அது. முகர்ந்தால் மஞ்சள் மணக்கும். கடைப்பொடியின் பளபளப்புக்குப் பழகிய கண்ணுக்கு முதல் சில நாள்கள் நிறம் போதாததுபோலத் தோன்றும்.