பாடகர் விலகி நின்ற பாதி

மெக்சிகோவின் கஃபே தகூபா ராக் குழு 1999-இல் வெளியிட்ட 'ரெவேஸ்/யோ சோய்' இரண்டு தட்டுகள் கொண்ட ஆல்பம். 'யோ சோய்' பாடல்களுக்கானது. 'ரெவேஸ்' வாத்திய இசைக்கானது. அதன் தடங்கள் பலவற்றுக்கு வெறும் எண்களே பெயர். பாடல்களை மட்டும் கேட்டுவிட்டு மற்ற தட்டை இலவச இணைப்பாக எண்ணுவது எளிது. ஆனால் ஆல்பத்தின் துணிச்சலெல்லாம் அதில்தான் இருக்கிறது. இதே குழு 1994-இல் வெளியிட்ட 'ரே' ஆல்பத்தின் இருபது பாடல்களில் மெக்சிகோவின் நாட்டுப்புற மெட்டுகளும் பங்க்கும் மின்னணு இசையும் அடுத்தடுத்து வந்தன. அத்தனையையும் ஒரே குழுவின் இசையாக இணைத்துக் காட்டியது பாடகர் ரூபென் அல்பர்ரானின் கூரான குரல். 1996-இல் பிறர் பாடல்களை எடுத்துப் பாடியபோதும் அந்தக் குரலே அவற்றைத் தகூபாவின் சொத்தாக்கியது. இத்தனை வலுவான அடையாளத்தை ஒதுக்கிவிட்டால் மிச்சம் என்ன என்று குழுவே தன்னைச் சோதித்துக்கொண்டதுதான் 'ரெவேஸ்'.

மிஞ்சியது குறைவல்ல. குழுவின் நால்வரில் டிரம்ஸ் வாசிப்பவர் யாருமில்லை. தாளத்தை டிரம் மெஷினில்தான் அமைத்து வந்தார்கள். குரல் இருக்கும்போது பின்னணியில் கிடந்த இந்த வேலை, குரல் போனதும் முன்னுக்கு வருகிறது. அதைக் கேட்டுவிட்டு 'யோ சோய்' பக்கம் திரும்பினால், 'லா லோகோமோதோரா' போன்ற பாடலிலும் காது வரிகளோடு நின்றுவிடாது, அடியில் ஓடும் தாளத்தையும் பிடித்துக்கொள்ளும்.

நல்லவற்றைப் பொறுக்கி ஒரே தட்டாகப் போட்டிருக்கலாமே, இது கலைஞர்களின் செருக்குதானே என்பார்கள். எண்ணிட்ட தடங்களில் சில முழு வடிவம் பெறாத குறிப்புகள்தான், மறுக்க முடியாது. என்றாலும் இரண்டையும் கலந்திருந்தால் வாத்தியத் தடங்கள் பாடல்களுக்கு நடுவே மூச்சு வாங்கும் இடைவெளிகளாகச் சுருங்கியிருக்கும். 2000-இல், முதல் லத்தீன் கிராமி விழாவிலேயே, இது சிறந்த ராக் ஆல்பம் விருது பெற்றதை, வாத்தியத் தட்டும் தனித்து நிற்கும் என்பதற்குச் சான்றாகக் காட்டலாம். ஆனால் விருதுக் குழுக்கள் பாடல்களில் மட்டும் மயங்கியிருக்கவும் கூடும். அதைவிட வலுவான சான்று 2002-இல் கிடைத்தது. சான் பிரான்சிஸ்கோவின் குரோனோஸ் தந்திக்கருவி நால்வர் குழு, மெக்சிகோ இசைக்கென்றே வெளியிட்ட 'நுவேவோ' ஆல்பத்தில் தகூபாவின் '12/12' என்ற படைப்பைச் சேர்த்துக்கொண்டது. அதற்கும் எண்தான் பெயர். 2003-இல் 'குவாத்ரோ காமினோஸ்' ஆல்பத்துக்காகத் தகூபா குழு டிரம்ஸ் கலைஞர்களை அழைத்துக்கொண்டு நேரடியான ராக்குக்குத் திரும்பியது. தாளத்தைத் தனியே பிரித்து வைத்துப் பார்த்து முடித்தவர்கள் எடுத்த முடிவு அது.