எலும்புக்கு வரவேற்பு, கிருமிக்குத் தடை

ஸ்வீடன் நாட்டு பிரோனேமார்க் 1950-களில் முயல் எலும்பில் கண்டதைச் சென்ற வாரம் பார்த்தோம். டைட்டானியத்தை எலும்பு அந்நியமாக நினைப்பதில்லை. அதன் மேலேயே வளர்ந்து கெட்டியாகப் பிடித்துக்கொள்கிறது. அந்த நல்ல குணத்திலேயே ஓர் ஆபத்தும் இருக்கிறது. எலும்புக்குப் பிடித்த பரப்பு கிருமிக்கும் பிடிக்கும்.

1957-ல் லண்டனில் எலெக், கோனென் என்ற இருவர் ஒரு பரிசோதனை முடிவை வெளியிட்டார்கள். தன்னார்வலர்களின் தோலில் ஸ்டெஃபிலோகாக்கஸ் கிருமியைச் செலுத்தியபோது, சீழ் கட்டப் பல லட்சம் கிருமிகள் தேவைப்பட்டன. அங்கே ஒரு பட்டுத் தையல் நூல் இருந்தாலோ, சில நூறே போதுமாக இருந்தது. ஒரு நூலுக்கே இப்படியென்றால், தொடை எலும்புக்குள் இறக்கும் நீண்ட ராடுக்கு எப்படி இருக்கும்!

உலோகத்துக்குள் ரத்த ஓட்டம் கிடையாது. வெள்ளை அணுக்களும் ஆன்டிபயாடிக்கும் ரத்தத்தின் வழியாகத்தான் வர வேண்டும். அவை வந்து சேர்வதற்குள், ஒட்டிக்கொண்ட கிருமிகள் தம்மைச் சுற்றி வழவழப்பான படலம் ஒன்றைப் போர்த்திக்கொள்கின்றன. அதன் பிறகு வழக்கமான அளவு மருந்து அவற்றை அசைப்பதில்லை. பல நேரங்களில் வைத்த பிளேட்டையோ செயற்கை மூட்டையோ கழற்றி, சுத்தம் செய்து, மீண்டும் ஆபரேஷன் செய்யும்படி ஆகிவிடுகிறது. நோயாளியின் குடும்பம் படும் பாடும் செலவும் சொல்லி மாளாது.

அமெரிக்க எலும்பு மருத்துவர் அந்தோணி கிரிஸ்டினா 1987-ல் இதை, உலோகப் பரப்பைப் பிடிக்க எலும்பு செல்லும் கிருமியும் ஓடும் ஓட்டப் பந்தயம் என்றார். நம் ஊர் பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிப்பது போலத்தான், முந்தியவருக்கே சீட். ஆகவே உலோகத்தின் மேல் போடும் பூச்சு இரண்டு வேலைகளைச் செய்தாக வேண்டும்: எலும்பு செல்லை உட்கார வைக்க வேண்டும், கிருமியை உட்கார விடக் கூடாது.

இரண்டாவது வேலைக்கு வெள்ளி பழைய ஆயுதம். ஜெர்மனியின் மியூன்ஸ்டரில், எலும்புப் புற்றுநோய்க்காகப் பெரிய செயற்கை எலும்பு பொருத்தப்பட்டவர்களைப் பற்றிய ஆய்வு ஒன்று 2010-ல் வெளியானது. வெறும் டைட்டானியம் வைத்தவர்களில் 17.6 சதவீதம் பேருக்குத் தொற்று வந்தது. வெள்ளி பூசியதை வைத்தவர்களில் 5.9 சதவீதம் பேருக்கு. ஆனால் எலும்புக்குள் செருகும் தண்டுப் பகுதியில் வெள்ளி பூசப்படவில்லை. கிருமியைக் கொல்லும் வெள்ளி, அளவு மிஞ்சினால் எலும்பு செல்லையும் கொல்லும். இந்தத் துறையின் மொத்தச் சிக்கலும் அந்தப் பூசாத தண்டில் தெரிகிறது.

ஐரோப்பாவில் முழங்கால் கீழெலும்புக்கான ராடின் மேல் ஜென்டாமைசின் என்ற ஆன்டிபயாடிக் கலந்த மெல்லிய பாலிமரைப் பூசினார்கள். மருந்தின் பெரும்பகுதி முதல் இரண்டு நாளிலேயே வெளியேறிவிடும். பந்தயம் தீர்மானமாவதும் அந்த ஆரம்ப நாட்களில்தான் என்பதால் இது சரியான கணக்கு. ஜப்பானின் கனசாவாவில் டைட்டானியத்தின் மேல் அயோடினையே ஏற்றிப் பயன்படுத்துகிறார்கள்.

என் மனம் சாய்வது உயிர்க்கண்ணாடியின் பக்கம். 1967-ல் அமெரிக்காவில் ஒரு பஸ் பயணத்தில், வியட்நாமிலிருந்து திரும்பிய ராணுவ கர்னல் ஒருவர், மனித உடல் ஏற்கும் பொருளைச் செய்ய முடியுமா என்று ஆராய்ச்சியாளர் லாரி ஹென்ச்சிடம் கேட்டார். 1969-ல் ஹென்ச் உருவாக்கிய கண்ணாடி எலும்போடு இணைந்தது. பின்லாந்தில் பிறந்த அதன் உறவுக்காரக் கண்ணாடி, கரையும்போது சுற்றுப்புறத்தைக் காரமாக்கிக் கிருமியை வாழ விடாமல் செய்கிறது. ஆன்டிபயாடிக் துளியும் இல்லை! துகளாக அது எலும்புச் சீழ் நோய்க்குப் பயன்படுகிறது. உலோகத்தின் மேல் பூசுவதுதான் கடினம். சூட்டில் கண்ணாடியும் டைட்டானியமும் வெவ்வேறு அளவில் விரிந்து சுருங்குவதால் பூச்சு விரிசல் விடுகிறது.

இந்தப் பூச்சுகள் எல்லா ஆபரேஷன் அறைகளுக்கும் வந்துசேரக் காலமாகும். அதுவரை ஒரு வேண்டுகோள். கம்பியோ பிளேட்டோ வைத்த இடத்தில் நீர் கசிந்தாலோ, சிவந்து வலித்தாலோ மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை வாங்கிச் சமாளிக்காதீர்கள். ஆபரேஷன் செய்த மருத்துவரிடமே உடனே போங்கள்.

(தொடரும்)