நியூட்ரானின் ஆயுள் எத்தனை விநாடி?

மாணவர்களே! உங்கள் உடலிலுள்ள கார்பன் அணுக்கருவில் நியூட்ரான் கோடானுகோடி ஆண்டுகள் அழியாமல் இருக்கும். அதையே வெளியே எடுத்துத் தனியே விட்டால் அதன் சராசரி ஆயுள் ஏறத்தாழக் கால் மணி நேரந்தான்! அது புரோட்டானாக மாறி, ஓர் எலெக்ட்ரானையும் ஓர் எதிர்நியூட்ரினோவையும் வெளிவிடுகிறது. இதுவே பீட்டாச் சிதைவு.

இந்த ஆயுளை எவ்வாறு அளப்பது? இரு முறைகள் உள்ளன. முதலாவது குப்பி முறை. வேகம் மிகக் குறைந்த நியூட்ரான்களைக் கலத்தில் அடைத்து, சிறிது நேரங்கழித்து எஞ்சியவற்றை எண்ணுவார்கள். அமெரிக்காவின் லாஸ் அலமாஸ் ஆய்வகத்தில் காந்தக் குப்பியைக் கொண்டு அளந்து 2021-இல் வெளியிட்ட விடை 877.75 விநாடி. இரண்டாவது கற்றை முறை. நியூட்ரான் கற்றை செல்லும் வழியில் பிறக்கும் புரோட்டான்களைப் பிடித்து எண்ணுவார்கள். 2013-இல் வெளியான இம்முறையின் விடை 887.7 விநாடி.

ஏறக்குறைய 10 விநாடி வேறுபாடு! கற்றை முறையின் பிழை வரம்பு 2.2 விநாடிதான், குப்பி முறையில் அது அரை விநாடிக்கும் குறைவு. எனவே இதைத் தற்செயல் என ஒதுக்க இயலாது.

சற்றுச் சிந்தியுங்கள். ஒரு முறை மறைந்த நியூட்ரான்களையும், மற்றது பிறந்த புரோட்டான்களையும் கணக்கிடுகிறது. நூற்றில் ஒரு நியூட்ரான், புரோட்டானைத் தராமல், நாம் அறியாத துகளாக மாறினால்? 2018-இல் இக்கருத்து முன்வைக்கப்பட்டது.

இதைச் சோதிக்கக் கொள்கை உதவுகிறது. தற்சுழற்சி ஒரே திசையில் அமைந்த நியூட்ரான்களிலிருந்து எலெக்ட்ரான்கள் எப்பக்கம் மிகுதியாக வருகின்றன என அளந்து, பிற அணுக்கருக்களின் பீட்டாச் சிதைவு அளவுகளையும் சேர்த்தால், புரோட்டானைத் தரும் சிதைவுக்கு மட்டும் உரிய ஆயுளைக் கணக்கிடலாம். ஆனால் எலெக்ட்ரானும் புரோட்டானும் மின்னூட்டம் உடையவை அல்லவா? அவை ஃபோட்டான்களைப் பரிமாறிக்கொள்வதால் சிதைவு சற்று விரைகிறது. இதற்கான திருத்தம் ஏறத்தாழ 4 விழுக்காடு. சிறியதுதானே என விட்டுவிட்டால் விடை 30 விநாடிக்கு மேல் பிசகும். நாம் ஆராயும் வேறுபாடோ 10 விநாடி!

திருத்தத்துடன் கணக்கிட்டால் விடை குப்பி முறையை ஒட்டியே அமைகிறது. ஆகவே அறியாத துகளுக்கு இடம் மிகக் குறைவு. கற்றை முறை ஏன் மாறுபடுகிறது என்பதே இப்போதைய கேள்வி.

சில விநாடிகளுக்காக இத்தனை பாடா என்கிறீர்களா? பெருவெடிப்புக்குப்பின் முதல் சில நிமிடங்களில், சிதையாமல் எஞ்சிய நியூட்ரான்களே ஹீலியம் ஆயின. நியூட்ரானின் ஆயுள் மாறினால், பேரண்டத்தில் அன்று உருவான ஹீலியத்தின் கணக்கும் மாறிவிடும்!