தளம் போடும் நாளில் தண்ணீர் மேல் ஒரு கண்!

வீடு கட்டுபவர்கள் சிமென்ட் பிராண்டையும் கம்பியின் தரத்தையும் பத்துப் பேரிடம் விசாரிப்பார்கள். தண்ணீரின் அளவை யாரும் கேட்பதில்லை. கான்கிரீட்டின் பலம் பெரும்பாலும் அதில்தான் இருக்கிறது.

ஒரு பங்கு சிமென்ட், ஒன்றரைப் பங்கு மணல், மூன்று பங்கு ஜல்லி. வீட்டுத் தளத்துக்கு வழக்கமாகப் போடும் இந்த எம்20 கலவையில், 50 கிலோ மூட்டைக்கு அதிகபட்சம் 30 லிட்டர் தண்ணீர்தான் என்கிறது ஐ.எஸ். 456 தர விதி. மணல் ஈரமாக இருந்தால் அந்த ஈரமும் இந்தக் கணக்கில் சேரும்.

கலவை இளகலாக இருந்தால் இழுத்துப் பரப்புவது சுலபம். அதனால் ‘இன்னும் அரைக் குடம் ஊத்துங்க’ என்பார்கள். கொளுத்தும் வெயிலில் நிற்பவர்களைக் குறை சொல்லவும் முடியாது. ஆனால், அந்த உபரித் தண்ணீர் பிறகு ஆவியாகி, உள்ளே நுண்துளைகளை விட்டுச் செல்லும். அவற்றின் வழியே ஈரம் இறங்கி, கம்பி துருப்பிடித்துப் பருக்கும். சில வருடங்களில் சீலிங் பெயர்ந்து விழும். மிக்ஸர் பக்கத்தில் அளவு வாளி ஒன்றை வையுங்கள். கலவை கெட்டியாக இருந்தால் தண்ணீர் வேண்டாம், வைப்ரேட்டர் ஓட்டச் சொல்லுங்கள்.

தளம் இறுகிய பிறகு தண்ணீரில் கஞ்சத்தனம் கூடாது. பாத்தி கட்டி நிறுத்துங்கள். ஓ.பி.சி. சிமென்டுக்குக் குறைந்தது 7 நாள், பி.பி.சி. என்றால் 10 நாள். எந்த வகை என்று மூட்டையிலேயே அச்சடித்திருக்கும்.