மைசூரு வீடுகளில் சர்க்கரை அச்சு

தை பிறக்கப் போகிறது. மைசூருவில் காலையில் பனி, பகலில் நல்ல வெயில். மழை அநேகமாக இல்லை. இந்த வெயிலை நம்பி வீடுகளில் ஒரு வேலை தொடங்குகிறது. 'எள்ளு பெல்லா' செய்யும் வேலை அது. பெல்லா என்றால் கன்னடத்தில் வெல்லம்.

நமக்குப் பொங்கல். கர்நாடகத்தில் அதே நாள் சங்கராந்தி. ஜனவரி 14 அல்லது 15ஆம் நாள் வரும். அன்று பெண்களும் குழந்தைகளும் தட்டு ஏந்தி உறவினர் வீட்டுக்கும் அண்டை வீட்டுக்கும் போவார்கள். தட்டில் எள்ளு பெல்லா, கரும்புத் துண்டு, வாழைப்பழம், சர்க்கரை அச்சு இருக்கும். எள்ளும் வெல்லமும் தின்று நல்ல பேச்சுப் பேசு என்பது அங்குள்ள வழக்கு. மனத்தாங்கல் உள்ள வீட்டுக்கும் அன்று தட்டோடு போகலாம்.

வெள்ளை எள், வெல்லம், கொப்பரை, வேர்க்கடலை, பொட்டுக்கடலை. இவைதான் கலவை. எள், கடலை, கொப்பரை மூன்றிலும் எண்ணெய்ச் சத்து மிகுதி. எள்ளில் சுண்ணாம்புச் சத்தும் உண்டு. பனிக்காலத்துக்கு ஏற்ற தின்பண்டம்தான்.

கொப்பரைதான் பொறுமையைச் சோதிக்கும். அதன் பழுப்புத் தோலைச் சீவ வேண்டும். வெள்ளைப் பகுதியைச் சிறு துண்டுகளாக நறுக்கி வெயிலில் காய வைக்க வேண்டும். ஈரம் இருந்தால் சிக்கு வாடை வரும். வெல்லக் கட்டியைப் பொடிப் பொடியாக வெட்டினால் கை வலிக்கும். ஆண்கள் இந்த வேலையில் பங்கு கொண்டால் என்ன? பங்கு கொள்ளும் வீடுகளும் உண்டு.

இனி சர்க்கரை அச்சு. மரத்தில் குடைந்த அச்சு அது. இரண்டு பாதிகளாக இருக்கும். மயில், கிளி, யானை, கோபுரம் எனப் பல உருவங்கள் உண்டு. முதலில் அச்சைத் தண்ணீரில் ஊற வைப்பார்கள். ஏன்? காய்ந்த மரம் பாகை உறிஞ்சும், உருவம் ஒட்டிக்கொள்ளும். ஊறிய மரத்தில் ஒட்டாது. பிறகு இரண்டு பாதிகளையும் சேர்த்து ரப்பர் வளையம் போட்டு இறுக்குவார்கள்.

சர்க்கரையில் தண்ணீர் விட்டுக் காய்ச்சும்போது சிறிது பால் ஊற்றுவார்கள். பால் திரிந்து அழுக்கைப் பிடித்துக்கொண்டு மேலே வரும். துணியில் வடிகட்டினால் பாகு தெளிந்துவிடும். அந்தப் பாகைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து மறுபடி காய்ச்சிக் கிளற வேண்டும். கிளறக் கிளறப் பாகில் மிக நுண்ணிய சர்க்கரை மணிகள் உண்டாகும். அதனால்தான் உருவம் வெள்ளையாக வருகிறது. பாத்திரத்தின் ஓரம் வெளுத்ததும் அச்சில் ஊற்ற வேண்டும். முந்தினால் உருவம் இறுகாது. பிந்தினால் பாத்திரத்திலேயே இறுகிவிடும். இறுகினாலும் வீண் இல்லை. தண்ணீர் விட்டு மறுபடி காய்ச்சலாம். சில நிமிடங்களில் அச்சைப் பிரித்தால் உள்ளே மயில் நிற்கும். மூக்கு உடைந்த கிளி அப்போதே குழந்தைகளின் வாய்க்குப் போய்விடும். சர்க்கரை நோய் உள்ளவர்கள் பார்த்து மகிழ்வதோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

ஒரு எச்சரிக்கை. பாகின் சூடு கொதிக்கும் தண்ணீரின் சூட்டைவிட அதிகம். தோலில் ஒட்டிக்கொண்டு ஆழமாகச் சுடும். குழந்தைகளை அடுப்பருகே விடக் கூடாது. சுட்டுவிட்டால் உடனே அந்த இடத்தில் 20 நிமிடம் குளிர்ந்த குழாய்த் தண்ணீர் ஓட வேண்டும். மையோ பற்பசையோ தடவக் கூடாது. கொப்புளம் பெரிதானால் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இப்போது மைசூரு தேவராஜா மார்க்கெட்டில் எல்லாம் ஆயத்தமாகக் கிடைக்கிறது. வேலைக்குப் போகும் பெண்களுக்கு அது உதவிதான். வீட்டில் செய்து விற்கும் பெண்களுக்கு வருமானம். ஆனால் விலை வைக்கும் முன் கணக்கு எழுத வேண்டும். சர்க்கரை, கொப்பரை, எரிவாயு, பை எல்லாவற்றையும் எழுதுவார்கள். தங்கள் கூலியை மட்டும் எழுத மறப்பார்கள்! ஐந்து நாள் கொப்பரை நறுக்கினால் அது ஐந்து நாள் உழைப்பு. அதையும் சேர்த்துத்தான் விலை வைக்க வேண்டும். 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி, உணவுப் பொருள் விற்பவர்கள் பதிவு செய்துகொள்ளவும் வேண்டும்.

பண்டிகை முடிந்ததும் அச்சுகளை வெந்நீரில் கழுவுவார்கள். நிழலில் உலர்த்துவார்கள். கடும் வெயிலில் வைத்தால் மரம் வெடிக்கும். நன்றாக உலர்ந்த அச்சைத் துணியில் சுற்றிப் பரணில் வைப்பார்கள். பிறகு சிவராத்திரி வரும், பனி விலகும். அதன்பின் வேம்பு பூக்கும், உகாதி வரும். அப்போது வெல்லத்தோடு சேர்வது எள் அல்ல, வேப்பம்பூ.