பலாச்சுளைக் கணக்கு

பத்து மாம்பழங்களை ஐவர்க்குப் பங்கிடுக என்னும் பாடசாலைக் கணக்கிலே விடை ஆசிரியர் கையில் இருக்கிறது. பிள்ளை பழத்தைக் காணவேண்டிய தேவையே இல்லை. காரிநாயனார் இயற்றிய கணக்கதிகாரமோ விடையைப் பழத்தினுள்ளேயே வைத்தது. பலாப்பழத்தின் காம்பருகே உள்ள சிறுமுட்களை எண்ணி, 6 ஆல் பெருக்கி, 5 ஆல் வகுத்தாற் சுளைத்தொகை வரும் என்பது அந்நூல் கூறும் விதி. முள் 100 ஆயின் சுளை 120.

எல்லாப் பழத்துக்கும் இஃது ஒத்துவரும் என நம்புதற்கில்லை. முள் ஒவ்வொன்றும் ஒரு பூவின் சுவடு. அவற்றுட் கருக்கொண்ட பூக்களே சுளையாகும். ஆயினும் என்ன? பழத்தைப் பிளந்து, விதி மெய்யோ பொய்யோ எனப் பிள்ளையே தீர்ப்புக் கூறட்டும். பாலர் கணக்குப் புத்தகங்கள் அரிதாகவே வழங்கும் உரிமை அது. கைக்கு எண்ணெய் பூசிக்கொள்வது நன்று. எண்ணி முடியுமுன் சுளை குறைந்தால், கழித்தலும் அன்றே பாடமாகும்.