நாய்க்குட்டிக்கு நற்பழக்கம்

தோட்டத்து லயங்களில் காவலுக்கென நாய் வளர்ப்போர் பலர். குட்டி, வருவோர் மீதெல்லாம் பாய்வதைக் கண்டு நாம் சிரித்து மகிழ்கிறோம். ஆனால், அதுவே வளர்ந்தபின் பாய்ந்தால் குழந்தை கீழே விழும். தபால்காரர் வாசலுக்கு வர அஞ்சுவார்.

குட்டி பாய்வது பகையினாலன்று. நம் கவனத்தை நாடியே. அதட்டினால் அதுவும் கவனிப்பாகிவிடும். அடித்தாலோ, அந்நியரைக் கண்டு அஞ்சிக் கடிக்கவும் கற்றுக்கொள்ளும்.

குட்டியைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு, அண்டை வீட்டார் ஒருவரை மெல்ல வரச் சொல்லுங்கள். அது துள்ளினால் அவர் பேசாது திரும்பி நிற்கட்டும். நான்கு கால்களும் தரையில் பதிந்தவுடன், ரொட்டித் துண்டொன்றைத் தாழ்வாக நீட்டிக் கொடுக்கட்டும். நாள்தோறும் ஐந்து நிமிடம் போதும். வீட்டார் அனைவரும் இம்முறையையே கைக்கொள்ளல் வேண்டும். ஒருவர் தடுக்க மற்றொருவர் கொஞ்சினால் பழக்கம் படியாது. பிறந்த 3ஆம் வாரம் முதல் 14ஆம் வாரம் வரை, புதியோரைக் குட்டி எளிதில் ஏற்கும் பருவம்.

2015இல் பெர்லிஸ், கெடா, பினாங்கு மாநிலங்களிலும், 2017இல் சரவாக்கிலும் வெறிநாய்க்கடி நோய் தோன்றியது. எனவே, கால்நடை மருத்துவரிடம் தடுப்பூசி போடத் தவறாதீர். நாய் கடித்தாலோ கீறினாலோ, காயத்தைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

அமைதியாக வரவேற்கும் நாயே வீட்டிற்கும் லயத்திற்கும் நல்ல காவல்.